கண்ணளவு வைத்தியர்

மருந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு, சாப்பிடாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத ஓர் இனமும் உண்டு. மாத்திரை எழுதித் தந்த டாக்டருக்கு மேலதிகாரியாகத் தம்மையே நியமித்துக்கொண்டு, இன்றைக்கு வேண்டும், நாளைக்கு வேண்டாம் என்று உத்தரவு போடுகிறவர்கள். கண்ணளவு வைத்தியர்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். எனக்கு வாய்த்தவர் என் அக்கா புருஷன்.

அத்தான் டைல்ஸ் கடை மேலாளர். அறை வாசலில் நின்று ஒரு கண்ணைச் சுருக்கினால் போதும், எத்தனை பெட்டி வேண்டும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மனிதர் கெட்டதே அதனால்தான்!

நாள் முழுக்க நாற்காலியே கதியென்று கிடந்ததில் போன வருஷம் காலில் ரத்தம் உறைந்து, கெண்டைக்கால் பூசணிக்காயாக வீங்கிப்போயிற்று. டாக்டர் பொறுமையாக விளக்கினார்: இந்த மாத்திரை உறைந்த கட்டியைக் கரைக்காது, வளரவிடாமல் தடுக்கும், புதிதாக உறையாமல் காக்கும், கரைக்கிற வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும், குறைந்தால் மறுபடி உறையும், கூடினால் உள்ளே ரத்தம் கசியும், ஆகவே ரத்தத்தைப் பரிசோதித்து நான்தான் அளவு சொல்வேன். அத்தான் பலமாகத் தலையாட்டினார். பலமாக ஆடுகிற தலையை நம்பாதீர்கள்.

அவருக்கு எதற்குப் பரிசோதனைக் கூடம்? வீட்டில்தான் சவரக் கண்ணாடி இருக்கிறதே! தாடையில் பட்ட கீறலில் ரத்தம் நிற்க நேரமானால், "தண்ணியா ஓடுது மாப்பிள்ளை, இன்னைக்கு மாத்திரைக்கு லீவு" என்பார். சட்டென்று நின்றுவிட்டாலோ, "கெட்டியா இருக்கு, ரெண்டு போட்டுக்கலாம்." கீறலே விழாத நாளில் என்ன செய்வார் என்கிறீர்களா? பிளேடைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பாராம்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சிடும்?" என்பாள் அக்கா.

"என் ரத்தத்தைப் பத்தி அவருக்கு என்னடி தெரியும்? கூடப் பொறந்தவரா?"

ஒரு வாரம் தினமும் கீறலில் ரத்தம் நிற்காமல் வழிந்தது. அத்தான் பூரித்துப்போய் வாரம் முழுக்க மாத்திரைக்கு லீவு விட்டார். புது பிளேடு மாற்றியது மட்டும் அந்த மகா வைத்தியரின் நினைவுக்கு வரவில்லை.

கடையில் பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சரிந்தார். காலில் உறைந்தது நுரையீரலுக்கு ஏறிவிட்டது. "கொஞ்சம் தாமதமா வந்திருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

ஊசியும் ஆக்சிஜனுமாகப் பிழைத்தார். கண் விழித்ததும் முதலில் யாரைப் பார்த்தார்? அக்காவையா? தலைமாட்டில் தொங்கிய மருந்துப் பையை. ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"மாப்பிள்ளை, சொட்டு கொஞ்சம் வேகமா விழற மாதிரி இல்ல?"

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். "உங்க கணக்கெல்லாம் கடையோட வச்சுக்கோங்க. எனக்கு நீங்க வேணும்!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அப்படியே மேசை இழுப்பறையைத் திறந்து, உடம்பு தேறிவிட்டதென்று பாதியில் நிறுத்திய அந்த மாத்திரை அட்டையையும் பாருங்கள். டாக்டரைக் கேட்டு நிறுத்தவில்லை, சரி. உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து அழப்போகிறவரையாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?