உப்பில்லாச் சமையலுக்கு நீ வர வேண்டாம்

லிமா நகரத்தில் தகரக் கூரைக்குக் கீழே சுகமாக இருக்கும் தங்கை எல்விராவுக்கு, உக்காயாலி ஆற்றங்கரையில் அம்மா விட்டுப்போன வீட்டிலேயே இருக்கும் அக்கா ருஃபினா எழுதிக்கொள்வது. உன் முட்டிவலி தேவலையா? ஆண்டவர் உனக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். அம்மாவின் கோலம் போட்ட மண்பானையை நீ தூக்கிக்கொண்டு போன பிறகும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

விடுதி முதலாளி உனக்குப் போன் போட்டு, எனக்குப் பதிலாகச் சமைக்கக் கூப்பிட்டாராமே. வராதே.

நம் தம்பி தியோஃபிலோ அந்த விடுதியில்தான் இப்போது பாட்டுப் பாடி வைத்தியம் செய்கிறான். மனச்சுமையோடு வரும் வெளிநாட்டுக்காரர்கள் காட்டுக் கொடியில் காய்ச்சிய கஷாயம் குடித்துவிட்டு அவன் பாட்டைக் கேட்டுப் படுத்திருப்பார்கள். இந்தத் தடவை அவர்களோடு மரீட்டா என்று ஒரு டாக்டரம்மாவும் வந்திருக்கிறாள். கஷாயத்தால் மனசுக்கு நல்லது நடக்கிறதா என்று ஆராய்ச்சி. ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா, உயிரோடு இருக்கப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறாள். போகும்போதும் கேட்பாள், ஊர்போய்ச் சேர்ந்த பிறகு போனிலும் கேட்பாளாம். நல்ல பெண்தான், மீனில் முள் எடுக்கத் தெரியாது. நான் வாழைக்காய் அவித்துக்கொண்டே எல்லாம் கேட்டேன். என் மகன் எடின்சனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. படகு கவிழ்ந்து அவன் பெண்டாட்டி நெலிதாவை ஆறு கொண்டுபோனதிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை. உனக்குத் தெரியும். மருமகள் துக்கத்துக்கு நீ வரவில்லை, பஸ் கிடைக்கவில்லை என்றாய். வலை கிழிந்தபடியே கிடக்கிறது. அவன் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். மீன்பிடிக்கிறவன் அப்படி உட்கார்ந்து நீ பார்த்ததுண்டா?

தம்பியிடம் போனேன். "ஏண்டா, யார் யாருக்கோ பாடுறியே, அக்கா மவனுக்குப் பாட மாட்டியா?"

"நான் என்னக்கா பண்றது? ஆராய்ச்சி முடியிற வரைக்கும் வெளியாளை உள்ள விடக் கூடாதாம். நானும் வெளிய போய்ப் பாடக் கூடாதாம். முதலாளி சொல்லிட்டாரு."

"வெளியாளா? உன் தொப்புள்கொடியை அறுத்த கைடா இது!"

டாக்டரம்மா ஓடி வந்தாள். "கோவிச்சுக்காதீங்க பாட்டி. எல்லாரும் ஒரே மாதிரி வந்து, ஒரே மாதிரி சாப்பிட்டாத்தான் ஆராய்ச்சி சரியா வரும். அதோட உங்க மகன் ஆஸ்பத்திரியில மனசுக்குக் குடுத்த மாத்திரை சாப்பிடுறாருன்னு உங்க தம்பி சொன்னாரு. அது மேல கஷாயம் குடிச்சா உயிருக்கே ஆபத்து."

"அவனை யாரு குடிக்கச் சொன்னது? எங்க காலத்துல வைத்தியருதான் குடிப்பாரு, நோயாளி சும்மா படுத்திருப்பான். பாட்டு போதும் தாயி." அவள் யோசித்தாள். முதலாளி யோசிக்கவில்லை, தலையை ஆட்டி மாட்டேன் என்றார். "ஒரே மாதிரி சாப்பாடுதானே? நாளையிலேருந்து யாரு ஆக்குறான்னு பாக்கறேன்" என்று அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கஷாயம் குடிக்கிறவர்களின் விரதச் சோற்றில் உப்பும் இனிப்பும் ஆகாது. அதை ஆக்குகிறவள் தீட்டு நின்று தனியே படுக்கிற கிழவியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து திரும்பிக் கடிக்கும். அந்த வயதில் இங்கே மிச்சம் பாஸ்டரின் மாமியார் ஒருத்தி. கஷாயத்தைப் பேய்த்தண்ணி என்று தூரத்திலிருந்தே துப்புவாள். கடைசியில் முதலாளியே மீனை அரைவேக்காடாக அவித்துப் போட்டார். விருந்தாளிகள் வரிசையாகக் கழிப்பறைக்கு ஓடினார்கள். உள்ளே தங்கியிருந்த துக்கம் வெளியேறுகிறது என்று அவருக்கே கைகூப்பி நன்றி சொன்னார்களாம். அதைக் கஷாயத்தின் பக்கம் சேர்ப்பதா மீனின் பக்கம் சேர்ப்பதா என்று தெரியாமல் டாக்டரம்மா தலையைப் பிடித்துக்கொண்டாளாம்.

ஆகவே வராதே. நீ வந்து அடுப்பை மூட்டினால் என் பேச்சு எடுபடாது, எடின்சன் அப்படியே உட்கார்ந்திருப்பான். உன் சமையலும் எனக்குத் தெரியாததா? என் கல்யாணத்துக்கு நீ வைத்த மீன்குழம்பில் உப்பே இல்லை. மாமியார் சாகிற வரைக்கும் எனக்குச் சொல்லிக்காட்டினாள். அதைச் சொல்லித்தான் எடின்சனுக்குச் சோறூட்டி வளர்த்தேன்.

உன் பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். உன் கூரை ஒழுகாதிருக்கட்டும். இங்கே மட்டும் வந்துவிடாதே.

உன் அக்கா,
ருஃபினா

பின்குறிப்பு: கடிதம் கொண்டுபோகும் படகு வருவதற்குள் டாக்டரம்மா தம்பியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். முதலாளியிடம் மல்லுக்கு நின்று சம்மதம் வாங்கிவிட்டாள். கஷாயம் இல்லாமல், ஆராய்ச்சியிலும் சேர்க்காமல், எடின்சனை உள்ளே படுக்க வைத்துத் தம்பி பாடலாம். நான் பக்கத்தில் இல்லாமல் என் மகன் வரமாட்டான். பக்கத்தில் இருக்கிறவளும் விரதம் இருக்க வேண்டும். விரதக்காரி அடுப்பண்டை போகக் கூடாது. "அப்ப எங்களுக்கு யாருடா ஆக்கிப் போடுவா?" என்று தம்பியிடம் கத்தினேன்.

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "சித்தியக் கூப்பிடும்மா. உப்பில்லாம ஆக்குறதுக்கு அவளை விட்டா யாரு?"

எடின்சன்தான். திரும்பிப் பார்த்தேன், அவன் உதடு சிரிக்கப் பார்த்தது.

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாடுவதற்கு முன்னாலேயே பேசிவிட்டதால் இது எந்த ஆராய்ச்சியிலும் வராது பாட்டி என்றாள். வராவிட்டால் போகட்டும். நீ வா. அம்மாவின் பானையைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டு வா. பஸ் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே.