யுவராணி நிற்கவில்லை

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொளஞ்சியின் மகள் யுவராணி, பிறந்து ஏழு வருஷத்தில் முதல் தடவையாக எழுந்து நின்றாள். கதவுச் சட்டத்தைப் பிடித்து எழுந்தவள், பிடியை விட்டுவிட்டு நாலு எண்ணும் நேரம் நின்றாள். உப்பளத்தில் வேலை முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த கொளஞ்சி அதைப் பார்த்தான். கையிலிருந்த சொம்பு விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைப்பதற்குள் வந்த அடுத்த நினைப்பு, ஐயையோ, திங்கட்கிழமை முகாம் ஆச்சே என்பதுதான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. யுவராணிக்குப் பிறவியிலேயே முதுகுத் தண்டில் கோளாறு. கால்களில் பலம் இல்லை. சிறுநீரும் தானாகப் போகாது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை மெல்லிய டியூப் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புது டியூப். அரசாங்கக் காப்பீட்டில் அதை மாதம் ஒரு பெட்டியாகக் கொடுத்து வந்தார்கள். போன மழைக்காலத்தில் அட்டையின் கெடு முடிந்துபோய் இரண்டு மாதம் பெட்டி வரவில்லை. ஒரே டியூப்பைத் திரும்பத் திரும்பக் கழுவிப் போட்டதில் கிருமி ஏறி, பிள்ளை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த ஒன்பது நாளைக் கொளஞ்சியால் மறக்க முடியவில்லை. இனி வானூரில் நடக்கும் மாற்றுத்திறனாளிகள் முகாமில் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி.

முகாமைப் பற்றி உப்பளத்தில் ஒரு சட்டமே இருந்தது. அதைப் போட்டவன் கூட வேலை செய்யும் வேல்முருகன். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியவன். போன வருஷம் முகாமுக்குப் போனபோது, பெரிய டாக்டர் முன்னால் குச்சியோடு நிற்பது மரியாதை இல்லை என்று குச்சியை வெளியே சாத்தி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக நிமிர்ந்து நடந்து போய்க் கும்பிட்டான். அந்த மாதத்தோடு அவனுடைய உதவித்தொகை நின்றது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒன்றையே சொல்வான்.

"முகாமுக்குப் போறவன் நல்லா இருக்கக் கூடாதுப்பா."

ஆகவே கொளஞ்சி மகளைத் தூக்கி உட்கார வைத்தான். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. வெளியே மூச்சு விடக் கூடாது என்று மனைவி அம்சவள்ளியிடம் சத்தியம் வாங்கினான். அம்சவள்ளி அதை மறுநாள் விடியும்வரை காப்பாற்றினாள். விடிந்ததும் உப்பளத்தில் கூடை சுமந்து போகும்போது, ஏன் தனியாகச் சிரிக்கிறாய் என்று முன்னால் போனவள் கேட்டுவிட்டாள். பாத்தியிலிருந்து கூடை உப்பு அம்பாரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

அன்று மதியமே எட்டுப் பெண்கள் வாழைப்பழமும் பிஸ்கட்டுமாக வந்து, எங்கே ஒரு தடவை நில்லு கண்ணு என்று வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களைக் கிளப்ப வேறு வழி தெரியாமல் கொளஞ்சி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினான்.

பெண்கள் போனார்கள். காய்ச்சல் செய்தியும் அவர்களோடு போனது. ஒரு மணி நேரத்தில் கிராம நர்ஸ் பொன்னம்மாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். போன மழைக்காலத்தில் பிள்ளையை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டவள் அவள்தான். திரும்பவும் கிருமியா, கிளம்பு ஆஸ்பத்திரிக்கு என்று பதறினாள். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. விட்டுவிட்டு வருகிற காய்ச்சல் என்று கொளஞ்சி மழுப்பினான். அப்படியானால் அதுதான் மோசம், காலையும் மாலையும் வந்து பார்க்கிறேன், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படியாக, காய்ச்சலே இல்லாத யுவராணி சித்திரை வெயிலில் போர்வைக்குள் கிடந்தாள். பள்ளிக்கூடமும் இல்லை, கூட விளையாட ஆளும் இல்லை. வேறு என்னதான் செய்வாள்? அப்பா முதுகைத் திருப்பும்போதெல்லாம் எழுந்து நின்று பழகினாள். வெள்ளிக்கிழமை பத்து எண்ணினாள். சனிக்கிழமை இருபது.

ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சிக்கு வியர்த்துவிட்டது. தானே டாக்டராகி, குழம்புக் கரண்டியின் காம்பால் மகளின் முழங்காலில் தட்டிப் பார்த்தான். கால் அசையக் கூடாது, அதுதான் பாடம். முதலில் யுவராணிக்கு ஒரே சிரிப்பு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நின்றால் டியூப் தர மாட்டார்கள், டியூப் இல்லாவிட்டால் மறுபடியும் அந்த ஆஸ்பத்திரி என்று மெதுவாகச் சொன்னான். அவள் சிரிப்பை நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவன் எவ்வளவு தட்டியும் கால் துணிபோலக் கிடந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை. இந்தப் பாடத்தையும் அரை மணி நேரத்தில் படித்துவிட்டாள்.

அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்சவள்ளி கரண்டியைப் பிடுங்கினாள்.

"ஏழு வருஷமா நில்லு நில்லுன்னு கோயில் கோயிலா தூக்கினு அலைஞ்சோம். நின்னுட்டா. இப்ப உக்காருன்னு பாடம் நடத்தற. நீ பண்றது உனக்கே நல்லா இருக்குதா?"

"நல்லா இல்லதான். அந்த ஒம்போது நாளு உனக்கு நல்லா இருந்துச்சா?" என்றான் கொளஞ்சி.

அவள் கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். 

திங்கட்கிழமை முகாமில் சரியான கூட்டம். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கொளஞ்சி இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றான். உள்ளே இருந்த டாக்டர் அம்மா பொறுமைக்காரர். பிள்ளையின் பெயர் கேட்டார், என்ன படிக்கிறாய் என்று கேட்டார், சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துணிபோலக் கிடந்தது. டாக்டருக்கு ஏமாற்றம் போலிருந்தது. இந்தப் பக்கம் தட்டினார், அந்தப் பக்கம் தட்டினார், பாதத்தைச் சுரண்டிப் பார்த்தார். கையில் இருந்த இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொஞ்சமாவது நிக்கப் பாக்கறாளா? எதையாவது புடிச்சுக்கிட்டாவது?"

கொளஞ்சி எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறான். இது ஒன்று வாய்க்குள்ளேயே நின்றது. அப்பா திணறுவதை யுவராணி பார்த்தாள்.

"எனக்கு நிக்க வராது டாக்டர்" என்றாள் தெளிவாக.

டாக்டர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். இன்னொரு தாளில் நீளமாக ஒரு கோடு அடித்து ஓரமாக வைத்தார். கொளஞ்சி முத்திரையை மட்டும்தான் பார்த்தான். ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை என்று உடம்பே லேசாகிவிட்டது. வெளியே வந்ததும் மகளின் கன்னத்தில் முத்தம் கொடுத்து, கெட்டிக்காரி என்றான். ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

வராந்தாக் கோடியில் ஓர் ஆயாம்மா டியூப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், சிவப்புக் கைப்பிடி போட்ட புத்தம் புது வாக்கர்கள் பிள்ளைகள் உயரத்துக்கு வரிசையாக நின்றன. ஒரு பொடியன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வராந்தா முழுக்க நடந்தான். யுவராணி அப்பாவின் தோளிலிருந்து தலையைத் திருப்பித் திருப்பி அவனையே பார்த்தாள்.

பெட்டியை வாங்கிக்கொண்ட கொளஞ்சி, இதெல்லாம் யாருக்கு என்று சும்மா கேட்டு வைத்தான்.

"டியூப் எல்லாப் புள்ளைங்களுக்கும் உண்டுங்க, நின்னாலும் உண்டு, ஓடினாலும் உண்டு" என்றாள் ஆயாம்மா. "இந்த வாக்கருதான், புதுசா நிக்க ஆரம்பிச்ச புள்ளைங்களுக்கு மட்டும் தர்றாங்க."