கொலுப்படியில் லாப்டெவ் கடல்

மயிலாப்பூர்
நவராத்திரி மூன்றாம் நாள்

சிரஞ்சீவி சாய்நாத்துக்கு, அக்கா நீரஜாவின் ஆசீர்வாதம். இங்கு அனைவரும் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம். நான் சௌக்கியமாக இல்லை. போனில் சொல்லலாமே என்பாய். இந்த ஆத்தில் இப்போது உரக்கப் பேசத் தடை. காரணம் நீ.

உன் அத்திம்பேர் பூகோள வாத்தியார் வேலையிலிருந்து ரிடையர் ஆன அன்று, நங்கநல்லூரிலிருந்து ஆட்டோவில் சுவரளவு ஆர்க்டிக் மேப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, வேறு பரிசே கிடைக்கவில்லையா உனக்கு? அன்றிலிருந்து மனுஷர் ரஷ்யாவுக்கு வடக்கே லாப்டெவ் கடலில்தான் குடித்தனம் செய்கிறார். வருஷத்தில் முக்கால்வாசி உறைந்து கிடக்குமாம். கிடக்கட்டும். இந்த வருஷம் கொலுவையே அந்தக் கடலாக்கிவிட்டார். என் நீலப் பட்டுப்புடவை கடல், பஞ்சு பனி, லேனா நதி வந்து கலக்கிற இடத்துக்கு என் கோலமாவு. அதோடு விட்டாரா, தந்தம் வைத்த வால்ரஸ் என்ற பிராணி அங்கே இருக்கிறதாம், வேட்டையாடியது போக மிச்சத்தைக் காப்பாற்றுகிறார்களாம், மாடவீதியில் அந்தப் பொம்மை கிடைக்கவில்லை என்று, அம்மா என் கல்யாணத்துக்குக் கொடுத்த மண் யானையின் தும்பிக்கையையும் நாலு காலையும் உடைத்து, தந்தத்தை மட்டும் விட்டுப் பஞ்சில் படுக்கவைத்துவிட்டார். வயிறு எரிகிறது.

நேற்று என் பாட்டு மாணவி ஸஹானா வந்தாள். முதல் கொலுப் பாட்டு, மூன்று மாதம் சாதகம் பண்ணின குழந்தை. வாயைத் திறந்ததும் இவர் குறுக்கே வந்து நின்றார்.

"பாடப்படாது. சத்தம் கேட்டா வால்ரஸ் மிரண்டு கூட்டமா கடலுக்கு ஓடும். குட்டியெல்லாம் மிதிபட்டுச் செத்துடும்."

"ஏன்னா, மண் பொம்மை மிரளுமா?" என்றேன்.

"மனுஷாளுக்குப் பழக்கம் வரணுமோல்லியோ?"

குழந்தை சுண்டலை வாங்கிண்டு அழுதுண்டே போச்சு. முப்பது வருஷமா பாட்டு சொல்லிக் கொடுக்கிற ஆத்துல ஒரு பாட்டு பாடக் கூடாதுன்னா நான் எங்கே போறது? ஆத்திரம் ஆத்திரமா வரது. ஞாயிற்றுக்கிழமை வந்து உன் மேப்பைக் கழட்டிண்டு போ. இல்லேன்னா நான் உன் ஆத்துக்கே வந்துடுவேன், தம்புராவோட.

அனுப்ரியாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். மேலே உனக்குச் சொன்ன ஆசீர்வாதத்தை ஞாயிறு வரை நிறுத்திவைக்கிறேன்.

நீரஜா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஸஹானா திரும்ப வந்தாள். அவளாகவே கொலுவின் முன் உட்கார்ந்து, தூளியில் தூங்கும் பிள்ளைக்குப் பாடுவதுபோல அடங்கின குரலில் பாடினாள். அவளுக்கு இவ்வளவு சுருதி சேர்ந்து நான் கேட்டதில்லை. உன் அத்திம்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் யாரோ மணியடித்தபோது, "மெதுவா, மெதுவா, மிரண்டுடும்" என்று ஓடிப்போய் அதட்டியது நான்தான். மேப் இருக்கட்டும். வரும்போது யானைக்குட்டி பொம்மை ஒன்று வாங்கி வா. தாய் தனியாகக் கிடக்கிறது. தும்பிக்கையை நானே உடைத்துக்கொள்கிறேன்.