தாத்தா படத்துக்குத் தைராய்டு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் செத்துப்போனவர்களைக்கூட நிம்மதியாக இருக்கவிடாத ஒரே மனிதர் சுரப்பி சார்தான். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சரித்திர வாத்தியார். அவர் அதே பள்ளியில் விலங்கியல். நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தை வருஷம் முழுக்க நடத்துவார் என்பதால் பையன்கள் வைத்த பெயர் அது. அதை அவர் தன் வகுப்போடு நிறுத்தியிருந்தால் எனக்கென்ன வந்தது? என் ராஜாக்கள் மேல் கை வைத்தார். நான் ஒரு கொடுங்கோலனைப் பற்றி ஆவேசமாகப் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். ஜன்னலில் தலை தெரியும்.

"கொடுங்கோலன் இன்னா சார் கொடுங்கோலன். புக்குல அவன் மூஞ்சியப் பாத்தீங்களா? கழுத்து வீங்கிக்கினு இருக்குது. தைராய்டு. தூக்கம் வராது, ஒடம்பு எரியும், படையெடுக்காம இன்னா பண்ணுவான்? பாவம் சார், ஒரு மாத்திரை குடுக்க ஆளில்ல."

அந்த வருஷப் பரீட்சையில் படையெடுப்புக்கான காரணங்களைக் கேட்டிருந்தேன். பாதி வகுப்பு தைராய்டு என்று எழுதியிருந்தது. நான் முட்டை போட்டேன். விடை சரிதான், மார்க் போடுங்கள் என்று என்னிடமே சண்டைக்கு வந்தார் மனுஷன்.

ஒருமுறை கல்வராயன் மலைக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு கோயிலில், சாமியாகிவிட்ட ஊர் முன்னோர் ஒருவருக்கு முழ நீளச் செருப்பு வைத்திருந்தார்கள். சுரப்பி சார் உட்கார்ந்து சாண் போட்டு அளந்தார். பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு, அதில்தான் கால் இப்படி வளர்ந்திருக்கிறது என்றார். பூசாரி பொறுமையாகத்தான் சொன்னார்.

"அது அவரு போட்ட செருப்பு இல்லீங்க. வேண்டிக்கினு செஞ்சி வெக்கறது. வருசா வருசம் கொஞ்சம் பெருசாத்தான் செய்வோம்."

"வருசா வருசம் பெருசாவுதா? அதாங்க நோயே."

திருநீறு கிடைக்கவில்லை, எனக்கும் சேர்த்து.

இப்படிப்பட்ட ஆள், என் மகளுக்கு வடக்கனந்தலில் மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பிய வேனில் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நாள் தேடி அமைந்த இடம் அது. மகளுக்கும் பையனைப் பிடித்துப்போயிருந்தது. சம்பந்தம் முடிவானால்தான் அந்த வீட்டில் கை நனைப்பது எங்கள் வழக்கம். முடிவாகி, இலை போட்டு, சோறும் விழுந்துவிட்டது. சாம்பார் வருகிறது. எதிர்ச் சுவரில் மாலை போட்ட படம், மாப்பிள்ளையின் தாத்தா.

"எங்கப்பா," என்றார் சம்பந்தி பெருமையாக. "கண்ண உருட்டிப் பாத்தார்னா ஊரே எழுந்து நிக்கும்."

சுரப்பி சார் இலையை விட்டு எழுந்து படத்தருகே போனார்.

"அவரு உருட்டலீங்க. கண்ணு தானா வெளிய தள்ளிக்கினு நிக்குது. தைராய்டு. கோவக்காரருன்னு பேர் வெச்சி, வைத்தியம் பாக்காம வுட்டுட்டீங்க."

"எங்கப்பா நோயாளியா? எல்லாரும் எழுந்திரிங்க."

சோற்றில் கை வைக்காமல் வெளியே வந்தோம். வேனில் நான் கத்தினேன். "யோவ், மாப்பிள்ளை எதிர்லயே உக்காந்திருந்தான். அவனப் பாக்காம செத்தவரு கண்ண ஏன்யா பாத்தே?"

"உயிரோட இருக்கறவங்கள டாக்டரு பாத்துக்குவாரு சார். செத்தவங்களுக்கு யாரு இருக்காங்க?"

அன்றோடு பேச்சை நிறுத்தினேன். என் மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்ததைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது.

மாசம் திரும்புவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்தார்.

"அந்த சாரு வூடு எங்கீங்கண்ணா? எம்புள்ள கண்ணும் மாமனாரு கண்ணாட்டம் ஆயிக்கினு வருது. டம்ளரு புடிச்சா கை ஆடுது, ஒடம்பு எளைக்குது. தாத்தா ரத்தம், அதான் கோவம் ஜாஸ்தின்னு பெருமையா சொல்லிக்கினு இருந்தோம். டாக்டர்கிட்ட காட்டுனா அதே தைராய்டுதான்னாரு. மாத்திரை குடுத்திருக்காரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாமனாருக்கும் அந்த மாத்திரை குடுத்திருந்தா, எங்க மாமியா அவ்ளோ அடி வாங்கியிருக்க மாட்டாங்க இல்ல?"

என் மகள் உள்ளேயிருந்து வந்து கேட்டாள். "மாத்திரை போட்டா சரியாவும்தானே? அப்புறம் இன்னா?"

மறுபடி இலை போட்டார்கள். அந்த சார் வராமல் சோறு போட மாட்டேன் என்று சம்பந்தி பிடிவாதம். நான் போய் அழைத்துவந்து, படத்துக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். எல்லோரும் கை நனைத்தோம்.

கோபம் இன்னும் தீரவில்லை. என் ராஜாக்களை நோயாளிகளாக்கியதை மன்னிக்கப் போவதுமில்லை. ஆனாலும் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். நான் போன பிறகு என் படத்தைச் சுரப்பி சார் கண்ணில் படுகிற மாதிரி மாட்டுங்கள். அவர் வந்து ஏதாவது ஒரு வியாதியைச் சொல்லி, "பாவம் சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் போதும்.