எர்ரர் அண்ணன் திருத்தாத தப்பு

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனிலேயே எக்செல் ஷீட்டுக்கு ஆறுதல் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் எர்ரர் அண்ணன்தான். செலியமேட்டுப் பக்கம் ஓர் அரிசி ஆலை ஆபீசில் எனக்கு அடுத்த மேசை அவருடையது.

ஒருநாள் கட்டம் முழுக்க வேலி போட்டதுபோல் ஹேஷ் குறிகள். வைரஸ் புகுந்துவிட்டது என்று முதலாளி வியர்த்துப்போனார். அண்ணன் கட்டத்தைக் கொஞ்சம் அகலமாக இழுத்தார், எண்கள் வெளியே வந்தன. "பாவம், எடம் பத்தல" என்று ஷீட்டுக்காகப் பரிந்து பேசினார்.

'டிவ் ஸீரோ' வந்தால், காலிக் கட்டத்தால் வகுத்தது யார் என்று ஆபீசையே விசாரிப்பார். 'ரெஃப்' வந்தால், ஃபார்முலா நம்பியிருந்த வரிசையை அழித்தவரைத் தேடிப்பிடித்து அன்டூ போடவைப்பார். எர்ரரை மறைக்க நான் இஃப்எர்ரர் போட்டபோது மட்டும் கோபித்துக்கொண்டார். வலிக்கிறது என்று அழுகிறவன் வாயைப் பொத்துவாயா என்று கேட்டார்.

அவர் மனைவி பிலோமினாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். அண்ணன் அதற்கும் ஒரு ஷீட் போட்டார். பிலோமினா அக்கா வீட்டில் இருந்தபடி மில்லி கணக்கைத் தட்டுவார். இவர் ஆபீசில் போனில் பார்ப்பார்.

ஒரு மதியம் கூட்டுத்தொகையில் 'வேல்யூ' என்று எர்ரர். எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எழுத்து இருந்தால் கூட்டல் அப்படித்தான் முழிக்கும். அக்கா அங்கே தட்டியிருந்தது: "ரெண்டு வாய் மோர் குடிச்சேன், திட்டாத."

அண்ணன் எங்கள் எல்லோரிடமும் காட்டிச் சிரித்தார். நம்பரை மட்டும் போடு என்று போனில் கெஞ்சினார். போட்டால் திட்டுவாயே என்றாராம் அக்கா. கடைசிவரை மாற்றவில்லை.

அந்த மழைக்காலத்திலேயே அக்கா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்த அண்ணன், மதியம் சாப்பிடாமல் அந்த ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அந்த எழுத்த எடுத்துட்டு நம்பர் போட்டா சரியாயிடும்ண்ணே."

"தெரியும்மா" என்றார். "எவ்ளோ குடிச்சேன்னு அவளே சொல்லிட்டா. இதுக்கு மேல இன்னாத்த கூட்றது?"

போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

இப்போது அவர் வேலையை விட்டு ஏம்பலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். என் ஷீட்டில் எர்ரர் வந்தால் உடனே போன் செய்கிறேன். பெரும்பாலும் எங்கே தப்பு என்று எனக்கே தெரிந்திருக்கும். இருந்தாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.