வாட மறுத்த புல்

கூரைக்கு அடியில் இருந்த புல் வாடமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஸோல்ஸயாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாட வேண்டும் என்றுதானே அந்தக் கூரையைப் போட்டாள். மழை பொய்த்தால் மங்கோலியப் புல்வெளி மண்ணில் எவ்வளவு ஈரம் மிஞ்சும், புல் எதுவரை தாங்கும் என்பதுதான் அவளுடைய மேற்படிப்பு ஆராய்ச்சி. நாலு கம்பம் நட்டு, மேலே பிளாஸ்டிக் தகடு போட்டு, ஒரு துண்டு நிலத்துக்கு மட்டும் மழையே இல்லாமல் செய்தாயிற்று.

"இதுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் உன் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும், சொல்லிட்டேன்" என்று பேராசிரியர் தம்பா அன்றைக்கே எச்சரித்திருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் முகாம் போட்டிருந்த அந்த மனுஷர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நாளை மதியம் அவர் பார்வையிட வருகிறார். புல்லோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று நிற்கிறது.

தான் தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போகும் நேரத்தில் பக்கத்துக் கூடாரத்து டோல்கோர் அக்காவின் ஆடுகள்தான் உள்ளே புகுந்து ஈரமாக்குகின்றன என்று முடிவுகட்டினாள். கம்பத்துக்குக் கம்பம் கயிறு இழுத்துக் கட்டினாள். ஆடுகள் வரவில்லை. குதிரைகள் வந்தன.

அந்தச் சீமையில் இரண்டு கம்பத்துக்கு நடுவே கயிறு தெரிந்தால் அது குதிரை கட்டும் இடம்; யாரும் யாரையும் கேட்பதில்லை. அடுக்குமாடியில் வளர்ந்த தலைநகரத்துப் பெண்ணுக்கு அது உறைக்கவில்லை. வழியில் போன சவாரிக்காரர்கள் எல்லாம் குதிரையைக் கட்டிவிட்டு, அவள் கூடாரத்துக்குள் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். வந்தவர்களுக்கு உப்புப் பால்தேநீர் கொடுக்காமல் அனுப்ப முடியுமா? அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். வெளியே குதிரைகளும் சும்மா இருக்கவில்லை.

சாயங்காலம் டோல்கோர் அக்காவிடம் ஓடினாள்.

"அக்கா, இவங்க குதிரையைக் கட்டாம இருக்க என்னதான் பண்றது?"

"இதுக்கா இப்படி முழிக்கிறே? ஒரு நீலப் பட்டுத்துணியைக் கட்டிவிடு. அப்புறம் எவன் கட்டுறான்னு பாக்கறேன்."

அக்கா சொன்னது பொய்யில்லை. மறுநாள் ஒரு குதிரைகூட இல்லை. ஆனால் நீலப் பட்டு கட்டிய இடம் தெய்வம் குடியிருக்கும் இடம் ஆயிற்றே! விடிந்ததிலிருந்து சனம் வந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு கல்லை வைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, வானத்தைப் பார்த்துப் பாலைத் தெளித்தார்கள். ஒரு பெரியவர் கூரைக்கு நேர் கீழே நின்று, நல்ல மழை வேண்டும் என்று உருகி உருகி வேண்டிக்கொண்டார். சாமி கும்பிடுகிறவர்களை விரட்டினால் பாவம் என்று ஸோல்ஸயா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் டோல்கோர் அக்காவே ஒரு வாளிப் பாலோடு வந்து முக்கால் வாளியைத் தெளித்து முடித்தாள்.

"உன் படிப்பு நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டேன்டி."

முடிந்தது படிப்பு என்று ஸோல்ஸயா தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது ஜீப் வந்து நின்றது.

பேராசிரியர் இறங்கினார். கற்குவியலைப் பார்த்தார், நீலப் பட்டுத்துணியைப் பார்த்தார், பால் சொட்டும் புல்லைப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே அவள் ஆடு, குதிரை, பால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு அழத் தொடங்கினாள். டோல்கோர் அக்கா, சின்னப் பொண்ணு பாவம், விட்டுடுங்க என்று கெஞ்சிப் பார்த்தாள்.

பேராசிரியர் அசையவில்லை. கடைசியாகப் பெய்த மழைக்கும் சேர்த்து அவளைத் திட்டித் தீர்த்தார். மேய்ச்சல்காரன் மகனாகப் பிறந்த தனக்கே இல்லாத இரக்கம் இந்த ஊர்க்காரர்களுக்கு எதற்கு என்றார்.

"ஆராய்ச்சின்னா மனசைக் கல்லாக்கிக்கணும். புல்லு சாகணும்னா சாகத்தான் விடணும். புரியுதா?"

புரிகிறது என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது போனதுதான்.

அதற்குள் ஓட்டுநர் மிஷிக் ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து, இரண்டு கையிலும் தண்ணீர்க் கேன்கள் தளும்பத் தளும்ப, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"ஐயா, எப்பவும் இந்தப் பொண்ணு ஆத்துக்குப் போனப்புறம்தானே நாம புல்லுக்குத் தண்ணி ஊத்துவோம். இன்னிக்கு இது இங்கயே நிக்குதே, இப்பவே ஊத்திடட்டுமா, இல்ல காத்திருக்கட்டுமா?"