எரிகோ மதிலும் நாயக்கர் ஆட்டுத்தொழுவும்

சின்னப்பிள்ளைகளோட ஓய்வுநாள் வகுப்பை ஒருநாள் பாத்துக்கிடணும். அம்புட்டுதான் வேலை.

எமர்ஜென்சி முடிஞ்ச மறு கோடை. எட்டயபுரத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல நான் டீச்சர். எங்க சின்ன வேதக்கோயிலைப் பாத்துக்கிடுற உபதேசியாரு தூத்துக்குடிக்குக் கல்யாணத்துக்குக் கெளம்பிட்டாரு.

"டீச்சர், ஒரு கதை, ஒரு பாட்டு, ஒரு ஜெபம். முடிச்சு அனுப்பிருங்க."

"இதென்ன பெரிய காரியம் ஐயா! நாள் முழுக்க இதானே எனக்குத் தொழிலு!"

வாயி சும்மா இருந்திருக்கலாம்.

எரிகோ கதையை எடுத்தேன். ஜனங்க வாயைத் தொறக்காம கோட்டைய ஏழு சுத்து வந்தது, எக்காளம் ஊதுனது, ஆர்ப்பரிச்சதும் மதில் விழுந்தது. தொண்டை கட்டுத அளவுக்கு நடிச்சுக் காட்டுதேன்.

ஒண்ணாவது பாக்கணுமே! ஒருத்தன் தூங்குதான். ஒருத்தி பக்கத்துப் பிள்ளை சடையை அவுக்கா. அஞ்சு வயசு எம் மக ஜெபா, பெத்த தாயி பேசுதாளேன்னு கூட இல்லாம, பாயிலிருந்து கோரையை உருவிக்கிட்டு இருக்கா.

வெறுத்துப் போச்சு. "எந்திரிங்க! போயி வெளிய வெளையாடுங்க!"

நான் பாயைச் சுருட்டுதேன். வெளிய ஒரே அமைதி. பிள்ளைய இருக்கிற எடத்துல அமைதியா? சன்னல் வழியா எட்டிப் பாத்தேன்.

கோயிலுக்குப் பக்கத்துல நாயக்கர் அண்ணாச்சியோட ஆட்டுத்தொழு. நாலு பக்கமும் மண்சுவரு. அதைச் சுத்தி எம் பிள்ளைய வரிசையாப் போகுதுங்க. வாயில வெரலு. முன்னால ஜெபா, கையில பூவரச இலைப் பீப்பீ.

எனக்குக் கண்ணு கலங்கிட்டு. 'ஆண்டவரே, கேட்டிருக்குதுகளே!'

அங்கனதான் நிறுத்தியிருக்கணும். நான் ரசிச்சுக்கிட்டு நின்னேன்.

ஏழாவது சுத்து முடிஞ்சுது. ஜெபா பீப்பீ ஊதுனா. எல்லாம் 'ஓ'ன்னு கத்திக்கிட்டுப் போயி சுவத்துல மோதுச்சு.

கோடையில கரிசல் மண்ணு வெடிச்சுக் கெடக்கும், கைய விட்டா முழங்கை வரைக்கும் போகும். அந்த மண்ணுல நின்ன சுவரு ஏற்கெனவே உள்பக்கமாச் சாஞ்சுதான் இருந்திருக்கு.

தொம்முன்னு விழுந்துச்சு!

ஒரே புழுதி. எனக்கு உசிரே போயிட்டு. செருப்பு கூடப் போடாம ஓடுனேன். "ஜெபா! ஏட்டி ஜெபா!"

புழுதிக்குள்ளருந்து சத்தம் வருது: "அல்லேலூயா!"

ஒவ்வொண்ணா இழுத்துத் தடவிப் பாத்தேன். ஒருத்தருக்கும் கீறல் இல்ல. ஆடுங்களும் எதிர்ச்சுவத்து நிழல்ல நின்னதால தப்பிச்சுது. தப்பிச்சது பாதி பருத்திக் காட்டுக்கு ஓடுச்சு, மீதி கோயிலுக்குள்ள ஓடுச்சு. ஒரு கெடா பிரசங்க மேடையில ஏறி நின்னுக்கிட்டு சபையைப் பாக்குது.

நாயக்கர் அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக்கட்டிக்கிட்டு ஓடி வந்தாரு. "டீச்சரம்மா, யாரு இடிச்சா?"

எம் மக முந்திக்கிட்டா. "தாத்தா, நாங்க இடிக்கல. கர்த்தர் இடிச்சாரு!"

அண்ணாச்சி என்னையப் பாத்தாரு. நான் பூமியைப் பாத்தேன்.

"அண்ணாச்சி, ஒரு கதை சொன்னேன்..." முழுசும் சொல்லி முடிச்சேன்.

அண்ணாச்சி தலையில கைய வச்சுக்கிட்டு விழுந்த மண்ணுமேலேயே உக்காந்துட்டாரு. திட்டப் போறாருன்னு பாத்தா, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்காரு!

"எம் பேரப் பயலை ஒரு சொம்பு தண்ணி கொண்டா லேன்னு தொண்டை கிழிய கத்துதேன், அசைய மாட்டேங்கான். ஒங்க பிள்ளைய ஒரு கதைக்கே சுவத்தைச் சாச்சிருக்கு! வார வாரம் அவனையும் அனுப்புதேன்."

சாயந்தரம் சுவத்தைத் திரும்ப எழுப்ப எங்க வீட்டுக்காரவிய மண்ணு கொழைச்சாவ. நான் சுமந்தேன். "வேதம் சொல்லிக் குடுன்னா, ஊரை இடிச்சிட்டு வந்திருக்கியே!"ன்னு அவிய சொல்லிக்கிட்டே இருந்தாவ.

சின்னப்பிள்ளைகளோட மல்லுக்கட்டுற டீச்சர்மாரே, அம்மா அப்பாமாரே, ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். சோர்ந்து போகாதீய. நம்ம மொகத்தைப் பாக்காட்டியும் பிள்ளைய காது நம்மகிட்டதான் இருக்கு.

அடுத்த வாரப் பாடம், தாவீது கவண்கல்லால கோலியாத்தைச் சாச்ச கதை. உபதேசியாரு வாசல்லயே நின்னு பிள்ளையகிட்ட இருந்த உண்டிவில்லு எல்லாத்தையும் வாங்கி வச்சுட்டுத்தான் கதையை ஆரம்பிச்சாரு.